வெளியே நிற்க வைக்கும் சொற்கள்: ஓலை சுமந்தவரும் பார்சல் சுமப்பவரும்

"இன்னைக்கு எவ்ளோ மச்சி ஓஎஃப்டி?"

"அறுவத்தி ரெண்டு. அதுல ஆர்விபி ஏழு. பாதிக்கு மேல சிஓடி."

"செத்தடா. ஷார்ட் வந்துடப் போவுது, பாத்துக்கோ."

திருப்புட்குழிக்குப் பிரியும் சாலைக்கு அருகே, பெங்களூரு நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையில் நாங்கள் கேட்ட உரையாடல் இது. பேசியவர்கள் இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்குப் பை. பக்கத்தில் இருந்த எங்களுக்குப் பாதி புரியவில்லை. கேட்டோம், சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

ஓஎஃப்டி என்றால் அன்று காலை ஹப்பிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பிய பார்சல்களின் எண்ணிக்கை. ஆர்விபி என்றால் வாங்கியவர் வேண்டாம் என்று திருப்பித் தருவதைப் போய் எடுத்து வருவது. சிஓடி, வீட்டு வாசலில் பணம் வாங்கிக்கொள்வது. ராத்திரி கணக்கு ஒப்படைக்கும்போது நூறோ இருநூறோ குறைந்தால் அது ஷார்ட், கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். கொடுக்க முடியாமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போவது ஆர்டிஓ. "லைசன்சு எடுக்கிற ஆர்டிஓ இல்லண்ணா" என்று ஒரு தம்பி விளக்கினார். "ஐடி போச்சு" என்றால் வேலை போச்சு. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், கடிதமும் வராது. காலையில் செல்போனில் செயலி திறக்காது, அவ்வளவுதான்.

எல்லாத் தொழிலிலும் இப்படிச் சொற்கள் உண்டு. காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களிடம் கோர்வை, பேட்டு, அடை என்று ஒரு தனி அகராதியே இருக்கிறது. தொழிற்சொல் அழகானதுதான். ஆனால் அன்று மாலை காதில் விழுந்த இன்னொரு சொல் எங்களைத் தூங்கவிடவில்லை. "ரிட்டர்ன் ஏரியா." எந்தத் தெருவில் பார்சல் அதிகம் திரும்பி வருகிறதோ அதற்கு அவர்களுடைய ஹப்பில் வைத்த பெயர். எந்தத் தெருக்கள் என்று கேட்டோம். அந்தத் தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "காலனிங்கதாண்ணா. எங்க தெருவும் அதுல இருக்கு. ஆள் இல்லைன்னு எழுதி அனுப்பிடுவாங்க. நான் சேந்ததுக்கு அப்புறம் எங்க தெருவுக்கு மட்டும் ஒழுங்கா வருது."

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பொருளையும் செய்தியையும் சுமந்து செல்பவருக்கு நம் மண்ணில் என்னென்ன பெயர்கள் வைத்தார்கள், அந்தப் பெயர் அவருக்கு என்ன கொடுத்தது, எதை மறுத்தது என்பதை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருப்புட்குழி என்ற பெயரே ஒரு செய்தி சுமந்தவரின் பெயர்தான். புள் என்றால் பறவை. சீதையை ராவணன் தூக்கிப்போனதை ராமனிடம் சொல்லிவிட்டு உயிர்விட்ட ஜடாயுவுக்கு ராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் இது என்பது விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம். செய்தி சொன்ன பறவைக்குக் கோயில் கிடைத்தது. நம் ஊர்களில் இழவுச் சேதியைச் சுமந்து வெயிலில் பத்து மைல் நடந்த மனிதருக்கு வாசலுக்கு வெளியே கூழ்தான் கிடைத்தது. தமிழ் இலக்கியத்தில் தூது என்று ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு. மேகம், அன்னம், கிளி, நெஞ்சு என்று எதையெல்லாமோ தூது அனுப்பிப் பாடியிருக்கிறார்கள். நடந்தே போய்ச் சேதி சொன்ன சேரிக்காரரைப் பாடியவர் யாரும் இல்லை. தூதன் என்றால் கௌரவம். அதே வேலையை அவர் செய்தால் பெயர் வேறு: வெட்டி.

இந்த 'வெட்டி' என்ற சொல்லைக் கவனியுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் இது. கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்புக்குப் பெயர். பிறகு கிராமத்தில் அந்த வேலையைச் செய்தவருக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. வரி கட்டச் சொல்லி ஆள் கூப்பிடுவது, அதிகாரி வந்தால் முன்னே ஓடுவது, தாலுகா கச்சேரிக்குக் காகிதம் கொண்டுபோவது எல்லாம் வெட்டியின் வேலை. இன்று நாம் 'வெட்டி வேலை', 'வெட்டிப் பேச்சு' என்கிறோம். கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பின் பெயர், பயனில்லாத உழைப்பின் பெயராகிவிட்டது. கொடுக்காதவன் மீது விழ வேண்டிய இழுக்கை, உழைத்தவன் தலையில் மொழி ஏற்றி வைத்திருக்கிறது.

மராட்டியத்தில் இதே வேலை மகர்களின் தலையில் இருந்தது. 'வத்தன்' என்று பெயர். கொஞ்சம் நிலமும் ஊரில் வீடு வீடாகப் போய் வாங்கும் தானியமும்தான் ஊதியம். அதற்கு ஈடாக இரவு பகல் எந்நேரமும் அரசு அதிகாரிகளின் கடிதத்தைச் சுமக்க வேண்டும், மூட்டையைத் தூக்க வேண்டும். 1928 மார்ச் 19 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் இந்த வத்தன் முறையைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் அங்கே எடுத்துவைத்த வாதம் இன்றைய டெலிவரித் தொழிலாளிக்கும் பொருந்துவது. வேலை இன்னதென்று வரையறை கிடையாது. நேரத்துக்கு எல்லை கிடையாது. பேர் பதிந்தவர் வராவிட்டால் வீட்டிலுள்ள வேறொருவர் போயாக வேண்டும். ஊதியம் எவ்வளவு என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. எதற்கு எவ்வளவு என்று எழுதிவை, அரசு வேலை என்றால் அரசே ஊதியம் கொடு என்றார். மசோதா அன்று நிறைவேறவில்லை. 1958இல்தான் கீழ்நிலை வத்தன்களை ஒழிக்கும் சட்டம் பம்பாயில் வந்தது. அப்போது அண்ணல் மறைந்து இரண்டு ஆண்டுகளாகியிருந்தன.

வடக்கே தபால் சுமந்து ஓடியவருக்கு 'ஹர்காரா' என்று பெயர். பாரசீகத்தில் 'ஹர்' என்றால் எல்லா, 'கார்' என்றால் வேலை. எல்லா வேலையும் செய்பவர்! அண்ணல் எதை எதிர்த்தாரோ அது பெயரிலேயே இருக்கிறது. திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடினார். அந்த 'அஞ்சல்' 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது.

தபால் துறை ஊழியர்களுக்குச் சங்கங்கள் உருவாகி, 1946 ஜூலை 11 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கியது. தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே 'தபால்காரர்கள்', 'கீழ்நிலை ஊழியர்கள்' என்ற சொற்கள் இருந்தன. பம்பாயும் கல்கத்தாவும் அவர்களுக்கு ஆதரவாகப் பொதுவேலைநிறுத்தம் செய்தன. கீழ்நிலை என்று அழைக்கப்பட்டவர்கள் அந்தப் பெயரோடே நிமிர்ந்து நின்ற தருணம் அது.

ஆனால் கிராமத்தில் தபால் கொடுத்தவர் அந்தக் கீழ்நிலைக்கும் கீழே இருந்தார். அவருக்குத் துறை வைத்த பெயர் 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் ஏஜென்ட்', சுருக்கமாக ஈ.டி. துறைக்கு வெளியே உள்ள முகவர் என்று பொருள். துறையின் பையைச் சுமப்பார், துறையின் முத்திரையைக் குத்துவார், துறைக்குப் பணம் வசூலிப்பார், ஆனால் துறைக்கு வெளியே! 1964இல் இவர்களுக்கென்று தனி விதிகள் எழுதினார்கள். அந்த விதிகளின் மொழியைப் படித்தால் வயிறு எரியும். மற்றவர்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் அது சஸ்பென்ஷன், பிழைப்புக்குப் பாதிச் சம்பளமாவது உண்டு. ஈ.டி. ஊழியரை நிறுத்தினால் அதற்குப் பெயர் 'புட் ஆஃப் டூட்டி'. பெயர் வேறு என்பதால் படி எதுவும் கிடையாது. அதைப் பெறவே பல ஆண்டுகள் தீர்ப்பாயப் படியேற வேண்டியிருந்தது. 1977இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஈ.டி. ஊழியர் வகிப்பதும் மத்திய அரசின் குடிமைப் பதவிதான், விசாரணையில்லாமல் நீக்க முடியாது என்றது. துறை என்ன செய்தது? 2001இல் பெயரை மாற்றியது. 'கிராமின் டாக் சேவக்'. முகவர் போய் சேவகர் வந்தார். அவர்கள் வாங்குவதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. டிஆர்சிஏ, அதாவது வேலை நேரத்தோடு இணைந்த தொடர்ச்சிப் 'படி'. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் படி வாங்கியே வாழ்நாளைக் கழிக்கிறார்கள். 2018 மே 22 முதல் பதினாறு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அந்தப் படியும் உயர்ந்தது.

இதில் சாதி எங்கே என்று சில மாணவர்கள் கேட்கக்கூடும். கிளை அஞ்சலகம் நடத்துபவருக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும், அலுவலகத்துக்கு இடமும் அவரே தர வேண்டும் என்பது விதி. ஊருக்குள் வீடும் நிலமும் யாரிடம் இருந்தன? பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த திரமென்ஹீரின் 1891 அறிக்கை நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றியதுதான். நிலமில்லாமல் ஆக்கப்பட்டவரிடம் 'உனக்கு வேறு வருமானம் உண்டா' என்று கேட்பது சாதி பார்க்காத கேள்வி போலத்தான் இருக்கும். அஞ்சலகம் ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும்போது சேரிக்காரர் எங்கே நின்று கடிதம் வாங்கியிருப்பார் என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப்பாருங்கள். கன்ஷியாம் ஷா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட நூலில், 23.5 விழுக்காடு கிராமங்களில் தலித் வீடுகளுக்குத் தபால் கொண்டுவந்து தரப்படுவதில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு கிராமம். 'ரிட்டர்ன் ஏரியா' புதுச் சொல். நடப்பு பழையது.

இப்போது செயலிகள் காலம். இங்கே முகவரும் இல்லை, சேவகரும் இல்லை. எல்லோரும் பார்ட்னர்! டெலிவரி பார்ட்னர், ரைடர் பார்ட்னர். ஃபிளிப்கார்ட் தன் ஆட்களுக்கு 'விஷ்மாஸ்டர்' என்று பட்டமே சூட்டியிருக்கிறது. பார்ட்னர் என்பதைத் தமிழில் சொன்னால் பங்காளி. பங்காளி என்றால் நம் ஊரில் சொத்தில் பாகம் கேட்டு வழக்குப் போடுவார். பெட்ரோலையும் டயரையும் தன் காசில் போட்டுக்கொண்டு, ஷார்ட்டையும் தானே கட்டும் பங்காளியை நாம் இப்போதுதான் பார்க்கிறோம்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளியை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு 'வெளியே' சம்பாதிப்பவர் என்று. துறைக்கு வெளியே, உறவுக்கு வெளியே. இந்த 'வெளியே' நமக்குப் புதிதா? ஊருக்கு வெளியே என்று நம் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கியவர்களின் மொழிதான் இது. ஊர் நடக்க நம் உழைப்பு உள்ளே வேண்டும், உரிமை என்று வந்தால் நாம் வெளியே நிற்க வேண்டும். கிக் தொழிலாளர்கள் எல்லோரும் தலித்துகள் என்று நாங்கள் சொல்லவில்லை. சேரியை வெளியே வைத்த அதே சூத்திரத்தை இன்று எல்லாச் சாதி ஏழைப் பிள்ளைகள் மீதும் மூலதனம் பயன்படுத்துகிறது என்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அது இரட்டை அடியாக விழுகிறது. 2022 ஜூனில் லக்னோவில் உணவு கொண்டுசென்ற தலித் இளைஞரின் சாதி தெரிந்ததும், உன் கையால் வேண்டாம் என்று தாக்கியதாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2024 மார்ச்சில் சொமேட்டோ 'தூய சைவ'ப் பிரிவுக்குப் பச்சைச் சீருடை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் ஒரே நாளில் தனிச் சீருடையை மட்டும் கைவிட்டது. தூய என்ற சொல்லை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

மேலிருந்து வரும் சொல்லைத் தொழிலாளர் மாற்றிய கதை உண்டா? உண்டு. கொஞ்சம் தூரம் போக வேண்டும். அமெரிக்காவின் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் இருக்கிறார்கள். 1997இல் 1,85,000 பேர் பதினைந்து நாள் வேலைநிறுத்தம் செய்து, பகுதிநேர வேலைகளில் பத்தாயிரத்தை முழுநேரமாக்கும் உறுதியைப் பெற்றவர்கள். அவர்களுடைய வட்டார வழக்கில் நமக்கு வேண்டிய இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டுமே எண்கள். ஒன்று 'ஒன்பதரை'. நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அடிக்கடி வேலை வாங்கினால், அதை எதிர்த்து முறையிடும் பட்டியலில் ஓட்டுநர் பெயர் சேர்க்கலாம். ஒப்பந்தத்தில் இருக்கும் உரிமை, பேச்சில் ஓர் எண்ணாகச் சுருங்கியிருக்கிறது.

இன்னொன்று 'இருபத்திரண்டு-நான்கு'. 2018 ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு ஒரு புது வகை ஓட்டுநரை உருவாக்கியது. பெரும்பாலும் அதே வேலை, அதே வண்டி, குறைந்த கூலி. வாக்களித்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தும், சங்க விதி ஒன்றைக் காட்டித் தலைமை அதை நிறைவேற்றிவிட்டது. ஓட்டுநர்கள் அந்தப் பிரிவு எண்ணையே அந்த ஆட்களுக்குப் பெயராக வைத்தார்கள். 'அவர் இருபத்திரண்டு-நான்கு' என்றால், பக்கத்தில் நிற்பவரைவிடக் குறைவாக வாங்குபவர். அநியாயம் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஞாபகப்படுத்தும் பெயர். 2021 மாநாட்டில் அந்தச் சங்க விதியை நீக்கினார்கள், அதே ஆண்டு தேர்தலில் தலைமையும் மாறியது. 2023இல் சுமார் 3,40,000 பேருக்கான ஒப்பந்தத்தில் இருபத்திரண்டு-நான்கு என்ற வகையே ஒழிந்தது. அவர்கள் எல்லோரும் வழக்கமான ஓட்டுநர்களாகப் பதியப்பட்டார்கள்.

சங்கம் இருந்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் பெருமை. 1921இல் அதே பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததும் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது. தோழர் என்ற சொல் சேரி எல்லையில் நின்றுவிட்டால் அதுவும் இன்னொரு 'பார்ட்னர்'தான்.

தமிழ்நாட்டில் நிலைமை அசையாமல் இல்லை. சென்னையில் 2020 ஆகஸ்டிலும் 2022 செப்டம்பரிலும் ஸ்விக்கி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது ஒரு சொல் தலைகீழானது. தொழிற்சட்டத்தில் 'லாக் அவுட்' என்றால் முதலாளி ஆலையைப் பூட்டித் தொழிலாளியை வெளியே நிறுத்தும் கதவடைப்பு. செயலித் தொழிலாளி "லாகவுட் பண்ணிட்டோம்" என்றால் வேலைநிறுத்தம். வெளியே போவது இந்த ஒருமுறை அவர் முடிவு. 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தது, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ். நலவாரியம் கூலியை நிர்ணயிக்காது, 'ஐடி' போனால் திருப்பித் தராது. ஆனால் அரசாணையில் பார்ட்னர் இல்லை, தொழிலாளர் இருக்கிறார். வழக்குமன்றத்தில் அந்த ஒரு சொல் எத்தனை எடை பெறும் என்று ராஜம்மா வழக்கைப் படித்தவர்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஹப்பில் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அது எப்போது நீங்கும் என்று அந்தத் தம்பி கேட்டார்.

இரண்டாவது முறை அவர்களைச் சந்தித்தபோது இந்தக் கதைகளையெல்லாம் சொன்னோம். வெட்டி பற்றிச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. பங்காளி பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். நலவாரிய அட்டைக்குப் பதியாதவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். பதினொரு பெயர். பதிவுத் தாளில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு தகராறு வந்தது. ஒருவர் 'டெலிவரி பாய்' என்றார். நாற்பது வயதைத் தாண்டிய இன்னொருவர், "எனக்குப் பொண்ணு பிளஸ் டூ படிக்குது, நான் இன்னும் பாயா?" என்றார். தொழிலாளி என்று எழுதிக்கொண்டார்கள்.

"அந்த ஊர்ல ஒன்பதரையா அண்ணா?" என்று ரிட்டர்ன் ஏரியாத் தம்பி திரும்பவும் கேட்டார். ஆமாம் என்றோம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அன்று காலை ஆறே முக்காலுக்கு ஹப்பில் வண்டி நிறுத்தியவர். எண்ணும்போது இரவு மணி எட்டேகால். பையில் இன்னும் நான்கு பார்சல், அதில் மூன்று அவர் தெருவுக்கு. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.